நானோ என்று சொன்னால் போதுமா?

இப்போதெல்லாம் எதை எடுத்தாலும் 'நானோ'. வாட்டர் ஃபில்டர், பெயிண்ட், முகத்துக்குப் பூசும் க்ரீம் வரை வந்துவிட்டது. தி. நகர் கடையில் அந்தச் சொல்லைக் கேட்டதும் நம்மில் பலர் தலையாட்டிவிடுகிறோம். என்னைக் கேட்டால், துகள் பொடியாக இருப்பது பெரிய விஷயமில்லை. அதன் மேற்பரப்பு எப்படி என்பதுதான் கேள்வி.

நானோ துகளில் கணிசமான அணுக்கள் வெளித்தோலிலேயே இருக்கும். சும்மா விட்டால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். அதனால் மேலே மூலக்கூறுகளைப் போர்த்துகிறார்கள். தங்கத் துகள் என்றால், மூலக்கூறின் கந்தக முனை தங்கத்தைப் பிடித்துக்கொள்ளும். வால் வெளியே நீட்டி நிற்கும். யாரும் அடுக்குவதில்லை. அறுபத்துமூவர் அன்று மாட வீதியில் ஜனங்கள் இடம் பிடிப்பதுபோல், தாமாகவே நெருக்கி நின்றுகொள்ளும். இரண்டு வகையைக் கலந்தால் சில சமயம் இனம் இனமாகப் பிரிந்து திட்டுத் திட்டாக அமையும். எந்த வகை, எவ்வளவு என்பதை மாற்றி அந்த அமைப்பைக் கட்டுப்படுத்தப் பார்க்கிறார்கள்.

மேற்பரப்பு ஏன் முக்கியம் என்பதற்கு நம் அடையாறு பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. வெள்ளித் துகளிலிருந்து கசியும் அயனி கிருமிகளைக் கொல்லும். ஆனால் நிஜத் தண்ணீரில் உள்ள உப்புகள், கீஸர் காயிலில் வெள்ளையாகப் படிவதுபோல, துகள்மேல் படிந்து கசிவை அடைத்துவிடும். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் டி. பிரதீப்பின் குழு, இறால் ஓடு போன்றவற்றிலிருந்து எடுக்கும் கைட்டோசானும் ஓர் அலுமினியச் சேர்மமும் சேர்ந்த கூண்டுக்குள் வெள்ளியை வைத்தது. அந்தக் கூண்டு சாதாரண அறை வெப்பத்தில், தண்ணீரிலேயே உருவாகிறது. 2013-ல் வெளியான அவர்கள் ஆய்வின்படி, லிட்டருக்குச் சுமார் 40 மைக்ரோகிராம் வெள்ளி சீராகக் கசிந்தது. உலக சுகாதார நிறுவனம் 100 வரை ஏற்கிறது. ஒரு குடும்பத்துக்கு ஆண்டுச் செலவு இரண்டரை டாலர் என்று கணக்கிட்டார்கள். பிரதீப்புக்கு 2020-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

நானோ என்றாலே விஷம் என்று ஒதுக்குவதும் தவறு, அந்தப் பெயருக்காகவே காசைக் கொட்டுவதும் தவறு. வாங்கும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். தண்ணீரில் வெள்ளி எவ்வளவு இறங்குகிறது? நம் போர் தண்ணீர் மாதிரி உப்புத் தண்ணீரில் எத்தனை மாதம் சோதித்தார்கள்? கடைப் பையனுக்குப் பதில் தெரியாது. அவனைக் குறை சொல்லிப் பயனில்லை. இந்த இரண்டையும் பெட்டிமேல் அச்சிட வேண்டும் என்று அரசு கட்டாயப்படுத்த வேண்டும். மாத்திரை அட்டையில் எத்தனை மில்லிகிராம் என்று போடவில்லையா? தினம் குடிக்கிற தண்ணீருக்கும் அந்த விவரம் வேண்டாமா?