அளந்த பிறகே வேலி

உழவோடு உழவாக வரப்பைச் சீவித் தன் பக்கம் சேர்ப்பதும், பக்கத்து மனைக்காரர் ஊரில் இல்லாத நாளில் கல்கால் நட்டுக் கம்பி கட்டிவிடுவதும் நம் ஊர்களில் சாமர்த்தியம் என்று பேசப்படுகின்றன. இதற்குச் சரியான பெயர் திருட்டு.

200 அடி நீள எல்லையில் வேலி ஓர் அடி நகர்ந்தால் கிடைப்பது அரை சென்ட்டுக்கும் குறைவு. அதற்காகப் பங்காளி வீட்டு நல்லது கெட்டது அற்றுப்போகிறது. அப்பா போட்ட வழக்குக்கு மகன் வாய்தா வாங்குகிறார்.

நகர்த்துபவருக்குத் துணிச்சல் தருவது 1963-ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டம். பிறர் நிலத்தை வெளிப்படையாக, உரிமையாளருக்கு எதிராக, 12 ஆண்டுகள் தொடர்ந்து அனுபவித்தால், அந்த உரிமையாளர் அதை மீட்க முடியாது. இந்த விதியை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது; மாற்றம் தேவையில்லை என்று 2023-இல் சட்ட ஆணையம் சொல்லிவிட்டது. விதி இருந்துவிட்டுப் போகட்டும். கெடு தாண்டியதால் வழக்கு நிற்காமல் போகலாம். எடுத்தவர் யோக்கியராகிவிட மாட்டார்.

இழந்தவர் பக்கமும் தவறு உண்டு. முதல் போகத்திலேயே கேட்க வேண்டியதை மனதில் வைத்துப் புழுங்கி, ஒருநாள் அரிவாளோடு போய் வேலியை வெட்டுவது நியாயம் ஆகாது.

வழி புதிதல்ல. 1923-ஆம் ஆண்டின் நில அளவை மற்றும் எல்லைகள் சட்டம் நூறாண்டைக் கடந்துவிட்டது. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, இரு தரப்பும் நிற்க, புலப்படத்தை வைத்து சர்வேயர் அளக்கட்டும். அவர் நடும் கல்லைப் பிடுங்கினால் ஓராண்டு வரை சிறை. வழக்கு ஏற்கெனவே நடந்தால் மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் பேசலாம். கட்டிய நீதிமன்றக் கட்டணம் திரும்பி வரும், தீர்வுக்கு மேல்முறையீடும் கிடையாது. அளவைக்குப் பணம் கட்டியவரை வட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடையாய் நடக்கவிட்டால், மூளும் பகைக்கு அரசும் பொறுப்பாளியே.

எங்கள் தீர்ப்பு இதுதான்: அளக்காமல் வேலி போட்டவர், எல்லை சரியாகவே இருந்தாலும், அளவைச் செலவை ஏற்க வேண்டும். தன் பக்கம் நிலம் கூடுதல் என்று அளவில் தெரிந்தால், எதிராளி கேட்கும் முன் தானே கல்காலைப் பிடுங்கித் தள்ளி நட வேண்டும். எத்தனை ஆண்டு கடந்திருந்தாலும்.