மலைச் சுற்றும் புகைப்படமும்



மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கு வடக்காக நீண்டு கிடக்கும் பெருமதில். அம்மதிலில் இயற்கை திறந்து வைத்த வாயில் பாலக்காட்டுக் கணவாய். அவ்வாயிலின் படிக்கட்டில் அமர்ந்திருக்கிறது நம் கோபாலபுரம். 1860-களில் இக்கணவாய் வழியே இருப்புப்பாதை போட்டவர்கள் மலை ஏற வேண்டிய தேவையே எழவில்லை. 1932-ல் பொள்ளாச்சியிலிருந்து பாலக்காட்டுக்குப் போட்ட பாதையும் மலையடிவாரத்தை ஒட்டியே ஓடுகிறது. ஆதலின் நம் பிள்ளைகள் மலையேறும் வண்டியைக் காண வேண்டுமாயின் வெளியூர் செல்ல வேண்டியிருக்கிறது.

விடுமுறைக்குச் சென்று திரும்பும் அன்பர்கள் பலர் மலை வண்டிகளைக் கைப்பேசியில் படம் பிடித்து வந்து காட்டுகின்றனர். படங்கள் கண்ணைக் கவர்கின்றன. எனினும் வண்டி அவ்விடத்தில் ஏன் வளைகிறது, அப்பாதையைப் போட்டவர் யார், அதில் பயணம் செய்தவர் யார் என்பதையும் அறிந்து பிடித்தால், படத்துக்கு அழகோடு பொருளும் சேரும். இத்திங்கள் அதுபற்றிச் சில கூற விழைகிறேன்.

இரும்புத் தண்டவாளத்தின்மேல் இரும்புச் சக்கரம் எளிதில் உருளும். அதே காரணத்தால் எளிதில் வழுக்கவும் செய்யும். மாட்டுவண்டி ஏறும் மேட்டில் புகைவண்டி ஏறமாட்டாது. இலங்கை மலைநாட்டுப் பாதையில் ஏற்றம் 44-க்கு 1 என்ற அளவில் அமைந்துள்ளது. அஃதாவது 100 அடி உயர வேண்டுமானால் 4,400 அடி தூரம் ஓடியாக வேண்டும். மலையோ அத்தனை இடம் தருவதில்லை. அப்போது பொறியாளர் பாதையை ஒரு வட்டமாகச் சுழற்றித் தன்மீதே ஏறச் செய்கிறார். இதுவே சுற்று எனப்படுவது. வேறு வழிகளும் உண்டு. முன்னும் பின்னுமாக வண்டியை ஓட்டிப் படிப்படியாக உயர்த்துவது ஒன்று. தண்டவாளங்களுக்கு நடுவே பற்சட்டம் பதித்து, எஞ்சினின் பற்சக்கரம் அதைப் பற்றி ஏறச் செய்வது மற்றொன்று. நீலகிரிப் பாதை இப்பற்சட்ட முறையினது. அங்கே ஏற்றம் 12.5-க்கு 1. ஆகவே 100 அடி உயர 1,250 அடி தூரமே போதும்.

சுற்றுகளில் நம்மவர்க்கு மிக நெருங்கியது இலங்கையின் தெமோதரை. எல்ல என்னும் ஊருக்கும் பதுளைக்கும் இடையே உள்ள சிறு நிலையம் அது. அங்கே நின்று புறப்படும் வண்டி குன்றைச் சுற்றி இறங்கி, தான் நின்றிருந்த நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கப்பாதையில் நுழைந்து பதுளைப் பக்கம் வெளிப்படுகிறது. மாடியில் நின்றவர் படியிறங்கித் தம் வீட்டுக்கு அடியிலேயே நடந்து போவது போன்ற காட்சி. இவ்வமைப்பு டி. ஜே. விமலசுரேந்திரா என்னும் பொறியாளரின் பெயரோடு இணைத்துப் பேசப்படுகிறது. இதைப் பற்றி ஒரு செவிவழிக் கதையும் உண்டு. பாதையை எவ்வாறு இறக்குவது என்று பொறியாளர் திகைத்து நின்றபோது, அருகில் ஒரு கங்காணி தம் தலைப்பாகையை அவிழ்த்து மீண்டும் கட்டிக்கொண்டிருந்தாராம். துணி சுற்றிச் சுற்றித் தன்மீதே படிவதைக் கண்டு சுற்றின் எண்ணம் பிறந்தது என்பர். கதை மெய்யோ புனைவோ, ஒன்று கவனிக்கத்தக்கது: கதையில் பொறியாளருக்குப் பெயர் இருக்கிறது, கங்காணிக்குத் தலைப்பாகை மட்டுமே இருக்கிறது.

தெமோதரைக்கும் எல்லவுக்கும் இடையே 1921-ல் கட்டி முடிந்த ஒன்பது வளைவுப் பாலம் நிற்கிறது. கல்லும் செங்கல்லும் சிமெண்டும் கொண்டு எழுப்பியது அது. இன்று உலகெங்கிலுமிருந்து வருவோர் அங்கே படம் எடுத்துச் செல்கின்றனர்.

வட இந்தியாவில் இதற்கு இணையானது டார்ஜிலிங் பாதையின் பதாசியாச் சுற்று. 1881-ல் டார்ஜிலிங்கை எட்டிய அவ்விரண்டடி அகலப் பாதை, 7,407 அடி உயரத்தில் உள்ள கூம் நிலையத்தைக் கடந்து டார்ஜிலிங்கை நோக்கி இறங்கும் இடத்தில் சரிவு மிகுந்திருந்தது. அதைத் தணிக்க 1919-ல் இச்சுற்று திறக்கப்பட்டது. சுற்றின் நடுவே கூர்க்கா வீரர்களின் நினைவுச்சின்னம் இருக்கிறது. வானம் தெளிந்த காலையில் பின்னணியில் கஞ்சன்சங்காவின் பனிமுடி தெரியும். டார்ஜிலிங் பாதை 1999-லும் நீலகிரிப் பாதை 2005-லும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக ஏற்கப்பட்டன.

இனிப் படம் பிடிக்கும் முறை. வளைவின் உட்புறத்தில் நின்றால் எஞ்சின் முதல் கடைசிப் பெட்டி வரை முழு வண்டியும் வில்போல் தெரியும்; வெளிப்புறத்தில் நின்றால் அருகிலுள்ள பெட்டிகளே மற்றவற்றை மறைத்துவிடும். வண்டிக்குள் இருப்போரும் வளைவின் உட்புற ஜன்னலையே நாடுக. வண்டி செல்லும் திசையில் படத்தில் சிறிது வெற்றிடம் விடுக. இல்லையேல் வண்டி சுவரில் முட்டி நிற்பது போல் தோன்றும். கதிரவன் நம் முதுகுப் புறம் இருப்பது நன்று. சுற்று நமக்கு அளிக்கும் தனிச் சலுகை ஒன்றுண்டு: ஒரே வண்டி இருமுறை காட்சி தரும். மேலே செல்லும்போது படம் எடுக்காமல் கண்ணாரப் பார்த்துக்கொண்டு, கீழே வெளிப்படும்போது நிதானமாக எடுக்கலாம்.

நீலகிரிக்குச் செல்வோர் ஒன்றை நினைவிற் கொள்க. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் வண்டியில் நீராவி எஞ்சின் பின்னால் நின்று தள்ளுகிறது. முன்னே நின்று எஞ்சினை எதிர்பார்ப்பவர் ஏமாறுவர். ஆனால் பெட்டிகளின் முன்மேடையில் நின்று தடையை இயக்கும் பணியாளரின் முகத்தை அவர் காண்பார். டார்ஜிலிங்கின் நீராவி எஞ்சினிலும் முன்புறம் அமர்ந்து, சக்கரம் வழுக்காதபடி தண்டவாளத்தில் மணல் தூவும் தொழிலாளி உண்டு. இவர்களையும் படத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். எஞ்சினின் படம் ஆயிரம் கிடைக்கும். மணல் தூவுபவரின் படம் அரிது.

இருப்புப்பாதை அலுவலகத்தில் எழுதிப் பிழைப்பவன் என்ற முறையில் ஓர் எச்சரிக்கையும் விடுக்க வேண்டியவனாகிறேன். தண்டவாளத்தின்மீது நின்று படம் எடுக்காதீர்கள். பாலத்தின்மீதும் சுரங்கத்தினுள்ளும் ஒதுங்க இடமில்லை. வளைவில் வண்டி வருவது கடைசி நொடி வரை தெரியாது. மின்சார எஞ்சின் ஓசையும் குறைவு. படிக்கட்டில் தொங்கி எடுப்போர், சுரங்கச் சுவர் எத்தனை அருகில் உள்ளது என்பதை உணர்வதில்லை. 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவு பாதையில் அத்துமீறி நுழைவதைக் குற்றமாக்குகிறது. சட்டம் கிடக்கட்டும், வீட்டில் நமக்காகக் காத்திருப்போரை நினைத்தாலே போதும். படம் பழக விரும்பும் இளைஞர் அருகிலுள்ள முதலமடை நிலையத்துக்குச் செல்லலாம். ஆலமர நிழலில், நடைமேடையில் நின்றபடியே, அச்சமின்றி நல்ல படம் எடுக்கலாம்.

இவ்வளவும் சொன்ன பின், இதை எழுதத் தூண்டிய செய்திக்கு வருகிறேன். 1924-ஆம் ஆண்டு ஏப்ரலில் இலங்கை மலைநாட்டுப் பாதை பதுளையை எட்டியது. அதே ஆண்டு ஜூலையில் நம் இடுக்கி மலையில் ஓர் இருப்புப்பாதை அழிந்தது. மூணாற்றின் குண்டளைப் பள்ளத்தாக்கில் 1902-ல் மாடுகள் இழுக்கும் ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடியது. 1908-ல் இரண்டடி அகலப் பாதையில் நீராவி எஞ்சின் வந்தது. தேயிலை டாப் ஸ்டேஷன் வரை வண்டியில் சென்று, அங்கிருந்து கம்பிவழியே கொட்டகுடிக்கு இறங்கி, போடிநாயக்கனூரை அடைந்தது. மலையாள ஆண்டு 1099-ல் வந்ததால் 'தொண்ணூற்றொன்பதாம் வெள்ளம்' எனப்படும் பெருவெள்ளம் அப்பாதையை வாரிக்கொண்டு போயிற்று. மீண்டும் அது போடப்படவில்லை. இன்று அவ்வண்டி இருந்தது என்பதற்கு ஓர் ஊர்ப்பெயரும் சில சிதைவுகளும் சில பழைய புகைப்படங்களுமே சான்று. அப்படங்களும் இல்லாதிருப்பின், மூணாற்றில் புகைவண்டி ஓடியது என்றால் நம் பிள்ளைகள் பாட்டிக்கதை என்று சிரிப்பர்.

அடுத்தது இன்னும் நெருக்கமானது. 1964 அக்டோபரில் செய்துகொண்ட சிறிமா–சாஸ்திரி உடன்பாட்டின்படி இலங்கை மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென முடிவாயிற்று. பின்வந்த ஆண்டுகளில் குடும்பம் குடும்பமாக அவர்கள் மலைநாட்டு நிலையங்களில் வண்டியேறித் தலைமன்னார் சென்று, கப்பலில் இராமேசுவரம் வந்திறங்கினர். மலையகத்தார் புகைவண்டியைக் கோச்சி என்பர். வழியனுப்ப வந்தோரும் வண்டியில் இருந்தோரும் கதறியதால் அவ்வண்டிகளுக்கு 'அழுகைக் கோச்சி' என்றே பெயர் வழங்கிற்று. வந்தவர்களில் சிலர் நீலகிரித் தேயிலைத் தோட்டங்களிலும், சிலர் கேரளத்தில் புனலூர் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களிலும் குடியமர்ந்தனர். இன்று பயணிகள் மகிழ்ந்து படம் பிடிக்கும் அவ்வழகிய பாதைதான், ஒரு தலைமுறைக்கு முன் அண்ணனைத் தம்பியிடமிருந்து பிரித்துச் சென்ற பாதை. பாதையின்மீது குற்றமில்லை. ஆனால் படம் பிடிப்பவர் இதை அறிந்திருத்தல் வேண்டும்.

மலைப் பாதைகள் நிலையானவையும் அல்ல. 2025 நவம்பரில் இலங்கையைத் தாக்கிய தித்வா புயல் அம்மலைநாட்டுப் பாதையைப் பல இடங்களில் சிதைத்தது. அங்கே செல்ல எண்ணுவோர் வண்டி ஓடுகிறதா என்பதை முன்னரே விசாரித்துப் புறப்படுக. நீலகிரிப் பாதையும் மழைக்காலத்தில் மண்சரிவால் அடிக்கடி நிறுத்தப்படுவதுண்டு.

ஆகவே நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுத் தகரப்பெட்டியில், நிலையத்தில் நின்றோ வண்டியருகே நின்றோ எடுத்த பழைய படம் ஏதேனும் இருக்கலாம். அதைத் தேடி எடுத்து, பெரியவர்களிடம் கேட்டு, பின்புறம் பென்சிலால் மெல்ல எழுதுங்கள்: எந்த ஊர், எந்த ஆண்டு, நிற்பவர் யார் யார். பேனா மை நாளடைவில் முன்பக்கம் ஊறிவிடும். புதிதாக எடுக்கும் படங்களுக்கும் அதே விவரத்தைக் கைப்பேசியிலேயே குறித்து வையுங்கள். கேட்டுச் சொல்ல இன்னும் சில பெரியவர்கள் நம்மிடையே இருக்கின்றனர். அவர்கள் இருக்கும்போதே இதைச் செய்து முடித்தல் நலம்.

பொறியாளரின் பெயரை நூல்கள் காக்கும். கங்காணியின் பெயரை, கூலியாளின் பெயரை, அழுகைக் கோச்சியில் வந்த பாட்டியின் பெயரை நாம்தாம் காக்க வேண்டும்.