தூமகேதுவும் துணிந்து சொல்லும் பொய்யும்

வால்மீன்கள் எக்ஸ் கதிர்களை உமிழ்கின்றன என்று விண்வெளித் தொலைநோக்கிகள் கண்டுவிட்டனவாம். ஆகவே தூமகேதுவைத் தீநிமித்தம் என்று அஞ்சிய நம் முன்னோர் இதனை அன்றே அறிந்திருந்தனராம். இவ்வகை வாதங்கள் தமிழ் மேடைகளுக்குப் புதியவை அல்ல. கைதட்டல் பெறுவதும் அவையே. தமிழ் பயிற்றுவிப்பவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: இது முன்னோர்க்குச் செய்யும் சிறப்பன்று, இழிவு.

நிகழ்ந்தது என்ன? 1996 மார்ச்சில் ஹியாகுடாகே வால்மீன் புவியிலிருந்து ஏறத்தாழ 1.5 கோடி கிலோமீட்டர் தொலைவில் கடந்தது. ஜெர்மனியின் ரோசாட் செயற்கைக்கோள் அதனை நோக்கியபோது எக்ஸ் கதிர் ஒளி தெரிந்தது. அறிஞர்கள் திகைத்தனர். பல இலட்சம் பாகை வெப்பமுள்ள வளிமத்தில் பிறக்கும் கதிர், பனியும் தூசும் திரண்ட குளிர்ந்த பொருளிலிருந்து எவ்வாறு வரும்?

1997இல் தாமஸ் கிரேவன்ஸ் விடை கூறினார். ஞாயிற்றிலிருந்து ஓயாது வீசும் மின்துகள் காற்றில், எலக்ட்ரான்களைப் பெரிதும் இழந்த ஆக்சிஜன், கார்பன் முதலிய அயனிகள் உள்ளன. அவை வால்மீனைச் சூழ்ந்த வளிமத்திலிருந்து எலக்ட்ரான்களைப் பறித்துக்கொள்கின்றன. பறிக்கப்பட்ட எலக்ட்ரான் தாழ்நிலைக்கு இறங்குகையில் எக்ஸ் கதிர் பிறக்கிறது. 2000 சூலையில் சந்திரா தொலைநோக்கி லீனியர் வால்மீனை ஆராய்ந்து இவ்விளக்கத்தை உறுதிசெய்தது. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரைத் தாங்கிய தொலைநோக்கி அது.

இக்கதிர்கள் மென்மையானவை, நம் வளிமண்டலத்தைத் துளைத்து மண்ணை எட்டா. அதனாலன்றோ விண்ணுக்குத் தொலைநோக்கி அனுப்ப வேண்டியிருந்தது! தலைமேல் விழாத கதிரை எண்ணி முன்னோர் அஞ்சினர் என்பது எத்தகைய ஆய்வு?

அவர்கள் உண்மையில் சொன்னதையேனும் படித்தோமா? புறநானூற்றின் 117ஆம் பாட்டில் கபிலர், தூமம் தோன்றினாலும் பாரியின் நாட்டில் வளம் குன்றாது, அவன் செங்கோல் அத்தகையது என்கிறார். வானத்துக் குறியைவிட மண்ணில் நடக்கும் ஆட்சியின் செம்மையே பெரிது என்று அவர் கருதினார். நிமித்தத்தை நம்பிய காலத்தில் பிறந்தும், அதற்குமேல் அறத்தை நிறுத்தினார். நாமோ அறத்தை விட்டுவிட்டு நிமித்தத்தைப் பிடித்துக்கொண்டு, அதற்கு அறிவியல் சாயமும் பூசுகிறோம்.

எங்கள் கேத்தியிலிருந்து உதகையைக் கடந்து சென்றால் முத்தொரை. அங்கே 530 மீட்டர் நீளமுள்ள வானொலித் தொலைநோக்கி 1970 முதல் மலைச்சரிவில் நிற்கிறது. கோவிந்த் சுவரூப் தலைமையில், சரிவின் சாய்வையே பயன்படுத்தி, புவியின் அச்சுக்கு இணையாக அமைத்தார்கள். தொலைதூர வானொலி மூலங்கள் மினுங்குவதைக் கொண்டு அது ஞாயிற்றுக் காற்றின் வேகத்தை அளக்கிறது. எந்தக் காற்று வால்மீனை எக்ஸ் கதிரில் ஒளிரச் செய்கிறதோ, அதே காற்று! நம் ஊர்க் கேரட் தோட்டங்களுக்கு அப்பால் இது நிகழ்கையில், தமிழ் மாணவனுக்கு நாம் கொடுப்பது 'எல்லாம் அன்றே அறிந்தோம்' என்ற தாலாட்டு.

எல்லாம் அறிந்துவிட்டவனுக்குக் கேள்வி எழாது. கேள்வி எழாதவன் கபிலரையும் கற்கமாட்டான், வானத்தையும் காணமாட்டான். 117ஆம் பாட்டை நடத்திய மறுநாள் மாணவரை முத்தொரைக்கு அழைத்துச் செல்லுங்கள், தமிழாசிரியப் பெருமக்களே! பெருமை பேசுவதைச் சற்றே நிறுத்திவைப்போம்.