அப்போது என்ன சாப்பிட்டீர்கள்?



இரவெல்லாம் மழை கொட்டி விடிந்த காலையில் எங்கள் வீட்டுக் கீரைப் பாத்தியைப் பார்க்க மனம் வராது. முளைக்கீரையில் தண்டு மட்டும் நிற்கும். பப்பாளிக் கன்றில் குருத்து இருக்காது. எல்லாம் நத்தை செய்த வேலை. இந்தத் தீவுகளில் தோட்டம் போட்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் இருந்துகொண்டு இதழை வரவழைத்துப் படிக்கும் நண்பர்களுக்காகச் சொல்கிறேன்: ஊரில் வயல் வரப்பில் பார்க்கிற சின்ன நத்தை அல்ல இது. நன்றாக வளர்ந்தது உள்ளங்கையை அடைத்துக்கொள்ளும். கூம்பு ஓடு, அதன்மேல் பழுப்பு வரிகள். வாளியில் பொறுக்கிப் போட்டு உப்பைக் கொட்டுவோம். அடுத்த மழைக்கு மறுபடி வந்து நிற்கும்.

சென்ற மாதம் அப்படிப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு நானி வேலியைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். "ஜப்பான்காரன் போய்விட்டான், இது போகவில்லை பார்" என்றார், அவருடைய அந்தமான் இந்தியில்.

உண்மைதான். இந்த ஆப்பிரிக்க ராட்சத நத்தையை உணவுக்காக இங்கே கொண்டுவந்து விட்டவர்கள் ஜப்பானியப் படையினர். அவர்கள் போய் எண்பது ஆண்டு ஆகிறது. நம் கீரைப் பாத்தியில் அந்தப் போர் இன்னும் ஊர்ந்துகொண்டிருக்கிறது.

நானி 'லோக்கல் பார்ன்' குடும்பம். நாடு கடத்தப்பட்டு இங்கே வந்து, தண்டனை முடிந்து, இங்கேயே குடியும் குடித்தனமுமாகிவிட்ட கைதிகளின் வழி வந்தவர். ஜப்பானியர் இறங்கியபோது அவர் சிறு குழந்தை. இத்தனை வருஷப் பழக்கத்தில் நான் பல தடவை கேட்டிருக்கிறேன், "போர்க்காலம் எப்படி இருந்தது நானி?" என்று. "என்ன சொல்ல பேட்டா, வந்தான், போனான்" என்பதோடு முடித்துவிடுவார். அன்றைக்கு நத்தை வாளி கையில் இருந்ததாலோ என்னவோ, "அப்போது என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டேன். மதியம் வரைக்கும் பேசினார்.

மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும்தான் சாப்பாடு. அவித்தது, அடுத்த வேளையும் அவித்தது. இன்றைக்கும் அவர் மரவள்ளியைத் தொடமாட்டார். கடல் தண்ணீரைக் காய்ச்சி உப்பு எடுத்தார்கள். துணி கிழிந்து போனதும் சாக்கை வெட்டி உடுத்தினார்கள். வீட்டில் ஒரே ஒரு கோழி இருந்ததாம். சிப்பாய்களின் பூட்ஸ் சத்தம் கேட்டால் அம்மா அந்தக் கோழியைத் தூக்கி அரிசி டின்னுக்குள் போட்டு மூடிவிடுவாராம். "அரிசிதான் இல்லையே, டின் காலியாகத்தான் கிடந்தது" என்று நானி சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உள்ளே இருக்கும் கோழி சத்தம் போடக்கூடாதே என்று வீட்டில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றதை அவர் கையை வாயில் வைத்துக் காட்டினார்.

கோழி என்றதும் சுல்பிகர் அலி நினைவு வராமல் இருக்காது. 1942 மார்ச் 23ஆம் தேதி ஜப்பானியர் போர்ட் பிளேரில் இறங்கினார்கள். வெள்ளைக்காரப் படை முன்பே வெளியேறிவிட்டதால் எதிர்ப்பே இல்லை. அபெர்டீன் பஜார் பக்கம் சிப்பாய்கள் கோழிகளைத் துரத்திக்கொண்டு வீடுகளுக்குள் நுழைய, பொறுக்க முடியாமல் இந்த இளைஞர் காற்றுத் துப்பாக்கியால் சுட்டார். யாருக்கும் காயமில்லை. அதற்குப் பதிலாக வீடுகள் எரிந்தன. ஊரே அஞ்சி நடுங்க, அவரைப் பிடித்து, ஊர் பார்க்கச் சித்திரவதை செய்து சுட்டுக் கொன்றார்கள். அவருக்கு நம் ஊரில் நினைவுக்கல் இருக்கிறது. நம்மில் பலர் தினமும் ஆட்டோவில் அதைக் கடந்து போகிறோம்.

அந்த மூன்றரை ஆண்டுகளைப் பற்றிப் பேச்செடுத்தால் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது நேதாஜி ஏற்றிய கொடி. 1943 டிசம்பர் 30, ஜிம்கானா மைதானம். அந்தமானுக்கு ஷஹீத், நிக்கோபாருக்கு ஸ்வராஜ் என்று பெயர் வைத்ததும் அவரே. அந்த நாளின் பெருமையை நான் ஒரு சொல்லாலும் குறைக்கமாட்டேன். ஆனால் அதே நாட்களில் செல்லுலார் சிறைக்குள் டாக்டர் திவான் சிங் கிடந்தார். பஞ்சாபிக் கவிஞர், இந்த ஊருக்கு வைத்தியம் பார்த்தவர், இங்கே இந்திய சுதந்திர லீகை நடத்தியவர். ஒற்றர் என்று குற்றம் சாட்டி 82 நாள் வதைத்தார்கள். 1944 ஜனவரி 14 அன்று இறந்துபோனார். கொடி ஏறி இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. நேதாஜியிடம் இதைச் சொல்ல ஊர்க்காரர் யாருக்கும் வாய்ப்புக் கிடைக்கவில்லை. ஜப்பானிய அதிகாரிகள் அவரைச் சூழ்ந்தே இருந்தார்கள்.

கொடியேறிய நாளிலிருந்து சரியாக ஒரு மாதம். 1944 ஜனவரி 30. ஹம்ப்ரிகஞ்சில் 44 பேரை ஒற்றர்கள் என்று சொல்லிச் சுட்டுக் கொன்றார்கள். அவர்களில் பெரும்பாலோர் அதே சுதந்திர லீகைச் சேர்ந்தவர்கள்.

இந்த ஒற்றர் பீதிக்கு ஒரு காரணம் உண்டு. போருக்கு முன் இங்கே போலீஸ் அதிகாரியாக இருந்த டெனிஸ் மெக்கார்த்தி என்ற வெள்ளைக்காரர் 1943 ஜனவரியில் ஒரு சிறு குழுவோடு நீர்மூழ்கிக் கப்பலில் வந்து மேற்குக் கரையில் இறங்கி உளவு பார்த்தார். ஜப்பானியருக்குச் சரக்கு கொண்டுவந்த கப்பல்கள் கடலில் மூழ்கின. யாரோ துப்புக் கொடுக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரிந்தது, யார் என்பது தெரியவில்லை. காட்டில் ஒளிந்திருந்தவர்கள் அகப்படவில்லை. வீட்டில் இருந்த ஆசிரியர்களும் குமாஸ்தாக்களும் கடைக்காரர்களும் அகப்பட்டார்கள். எந்தப் போரிலும் குடிமக்களின் கதி இதுவாகத்தான் இருக்கிறது என்பதை இதைவிடச் சுருக்கமாக யாராலும் காட்ட முடியாது என்று நினைக்கிறேன்.

இந்தக் கதைக்குள் ஒரு தமிழரும் வருகிறார். ஆற்காடு லோகநாதன், டாக்டர், இந்திய தேசிய ராணுவத்தில் அதிகாரி. நேதாஜியின் ஆசாத் ஹிந்த் அரசு அவரைத் தலைமை ஆணையராக 1944 தொடக்கத்தில் இங்கே அனுப்பியது. பதவி பெரியது, அதிகாரம் இல்லை. போலீஸும் பாதுகாப்பும் ஜப்பானியக் கடற்படையின் பிடியிலேயே இருந்தன. உருப்படியாக அவர் கைக்கு வந்தது கல்வித்துறை மட்டும். ஒற்றர் வழக்குகளில் அவரைத் தலையிட விடவில்லை. உடம்பு கெட்டு, அந்த ஆண்டு முடிவதற்குள் திரும்பிவிட்டார். பிறகு 1945இல் ஜப்பானியர் ரங்கூனைக் கைவிட்டு ஓடியபோது அந்த நகரத்தில் கொள்ளையும் கொலையும் நடக்காமல் காத்தது இவர் தலைமையில் இருந்த படைதான். அங்கே முடிந்தது இங்கே முடியவில்லை. அவரை நினைக்கும்போதெல்லாம் கையில் ஸ்டெதஸ்கோப்பும், எதிரே நோயாளியும், நடுவில் பூட்டிய கதவுமாக ஒரு மனிதரைத்தான் காண்கிறேன்.

1945 வந்தபோது பசி எல்லாவற்றையும் மிஞ்சிவிட்டது. கப்பல் வந்தால்தான் நம் தீவில் அரிசி. இன்றைக்கும் புயல் அடித்துக் கப்பல் இரண்டு நாள் தாமதமானால் பஜாரில் வெங்காய விலை என்ன ஆகிறது என்று நமக்குத் தெரியும். அன்றைக்குக் கப்பலே இல்லை. போரின் கடைசி வாரங்களில், வாய்களைக் குறைக்க ஜப்பானியர் ஒரு வழி கண்டார்கள். பயிர் செய்ய வேறு தீவுக்கு அழைத்துப் போகிறோம் என்று சொல்லி நூற்றுக்கணக்கானவர்களைப் படகுகளில் ஏற்றி, ஹேவ்லாக் கரைக்குக் கொஞ்ச தூரத்தில் இருட்டில் கடலுக்குள் இறங்கச் செய்தார்கள். பலர் அங்கேயே மூழ்கினார்கள். நீந்திக் கரையேறியவர்கள் தின்ன எதுவுமில்லாமல் அந்த வெள்ளை மணலில் ஒவ்வொருவராகச் செத்தார்கள். மீட்க ஆள் வந்தபோது உயிரோடு இருந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். ஸ்வராஜ் தீவு என்று இன்று பெயர் மாறிய அதே ஹேவ்லாக். சென்னையிலிருந்து உறவினர் வந்தால் நாம் முதலில் டிக்கெட் போடுவது அங்கேதான்.

நிக்கோபாரின் கதையைத் தனியாகவே எழுத வேண்டும். கார் நிக்கோபாரில் விமானத்தளம் போட நிக்கோபாரிகளைக் கட்டாய வேலைக்கு இழுத்தார்கள். அங்கும் ஒற்றர் என்ற பழி, அங்கும் சித்திரவதை. அதில் தப்பிப் பிழைத்த ஜான் ரிச்சர்ட்சன்தான் பிறகு பிஷப் ஆனவர், புதிய ஏற்பாட்டை நிக்கோபாரி மொழியில் தந்தவர், சுதந்திர இந்தியாவின் முதல் மக்களவையில் நம் தீவுகளின் குரலாக உட்கார்ந்தவர்.

1945 அக்டோபரில், கொடி ஏறிய அதே ஜிம்கானா மைதானத்தில் ஜப்பானியர் சரணடைந்தார்கள். மக்கள்தொகைக் கணக்கை எடுத்துப் பாருங்கள். 1941இல் இந்தத் தீவுகளில் 33,768 பேர். 1951இல் 30,971. இடையில் கைதிகள் விடுதலையாகி ஊர் திரும்பினார்கள், அகதிகள் குடியேறினார்கள், ஆகவே குறைந்த தலைகளை எல்லாம் போரின் கணக்கில் எழுத முடியாது. ஆனாலும் அந்த இரண்டு எண்ணுக்கு நடுவில் எத்தனை அரிசி டின்கள் காலியாகக் கிடந்தன என்று கணக்கெடுத்தவர் இல்லை.

என் ஆதங்கம் இதுதான். 2003இல் பாக்தாத்தில் குண்டு விழுந்தபோது அந்த ஊர்க்காரர்களே அன்றன்றைக்கு எழுதினார்கள். கரண்ட் எப்போது வந்தது, தண்ணீர் எத்தனை நாளுக்குத் தாங்கும், மாமா வீட்டுக்குப் போன் கிடைத்ததா என்று எழுதினார்கள். உலகம் அதைப் படித்துத்தான் ஈராக்கில் மனிதர்கள் வாழ்கிறார்கள் என்று தெரிந்துகொண்டது. நம் பக்கமும் ஆள் இல்லாமல் போகவில்லை. ரங்கூனில் பத்திரிகை நடத்திய வெ. சாமிநாத சர்மா 1942இல் காடும் மலையும் தாண்டி நடந்தே இந்தியா வந்ததை 'எனது பர்மா வழிநடைப் பயணம்' என்று எழுதி வைத்தார். ப. சிங்காரம் 'புயலிலே ஒரு தோணி'யில் அதே போர்க்காலத்து மெடான் நகரைத் தந்தார். நம் தீவின் வீடுகளுக்குள் நடந்ததோ நானியின் வாயில் இருக்கிறது, அவர் வயதில் எஞ்சியிருக்கும் சிலரின் வாயில் இருக்கிறது.

நம்மில் பெரும்பாலோர் போருக்குப் பின் வந்து சேர்ந்தவர்கள் என்பது எனக்குத் தெரியும். அப்பா துறைமுக வேலைக்கோ காட்டு வேலைக்கோ கப்பல் ஏறியவர். கச்சால் ரப்பர் தோட்டத்து வாசகர்களின் பெற்றோர் இலங்கை மலையகத்திலிருந்து வந்தவர்கள். பர்மாவிலிருந்து திரும்பியவர்களும் உண்டு. இது நம் கதை அல்லவே என்று தயங்க வேண்டாம். நாம் தோட்டம் போடும் மண்ணின் கதை இது, வேலிக்கு அந்தப் பக்கம் நிற்பவரின் கதை. அதோடு, பர்மாவிலிருந்தும் மலையகத்திலிருந்தும் வந்த குடும்பங்களுக்குச் சொந்தமாகவே ஒரு போர்க்காலம் இருக்கும். அதையும் கேட்டு எழுதுங்கள். மதுரையிலும் தூத்துக்குடியிலும் இருக்கும் வாசகர்களின் வீட்டிலும் ஜப்பானியர் போட்ட சயாம் ரயில் பாதைக்குப் போய்த் திரும்பாத ஒரு தாத்தா இருக்கக்கூடும்.

மார்ச் இதழில் பன்னிரண்டு பக்கங்களை இதற்காக ஒதுக்கி வைத்திருக்கிறேன். கட்டுரை நடை வேண்டாம். அவர்கள் சொன்னபடியே, இந்தியோ வங்காளமோ நிக்கோபாரியோ கலந்திருந்தாலும் அப்படியே எழுதுங்கள். தமிழாக்குவது எங்கள் வேலை. பெயர் போட வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் போடமாட்டோம். ஒன்று மட்டும் அனுபவத்தில் சொல்கிறேன். போரைப் பற்றிக் கேட்காதீர்கள், வாய் திறக்கமாட்டார்கள். என்ன சமைத்தீர்கள், விளக்குக்கு எண்ணெய் எங்கே கிடைத்தது, பள்ளிக்கூடத்தில் ஜப்பான் மொழியில் என்ன சொல்லிக்கொடுத்தார்கள், காய்ச்சல் வந்தால் என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். நடுவில் பேச்சு நின்றால் அவசரப்படுத்தாமல் இருங்கள்.

நானியிடம் நான் முந்தாநாள் மறுபடி போனேன். அந்தக் கோழி கடைசியில் என்ன ஆயிற்று என்று கேட்க மறந்திருந்தேன். வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு, "தம்பிக்குக் காய்ச்சல் வந்தபோது அம்மா அறுத்துவிட்டாள்" என்றார். தம்பி பிழைத்தாரா என்று நான் கேட்கவில்லை. நாளைக்கு வா என்றிருக்கிறார்.

அன்புடன்,
ஆசிரியர்