போனைப் பிடுங்கினால் மட்டும் போதுமா?

‘போர்டுல எழுதுறது தெரியலம்மா’ என்று பிள்ளை சொன்னதும், நாம் முதலில் திட்டுவது செல்போனைத்தான். போனோ, புத்தகமோ... முகத்துக்குப் பக்கத்தில் வைத்து மணிக்கணக்கில் பார்ப்பது கிட்டப்பார்வைக்கு ஒரு காரணம்தான். ஆனால், இன்னொன்றை மறந்துவிடுகிறோம். அது, பகல் வெளிச்சம்!

சீனாவின் குவாங்சோ நகரில் 12 பள்ளிகளில் ஓர் ஆய்வு நடந்தது. அவற்றில் பாதிப் பள்ளிகளில், முதல் வகுப்புப் பிள்ளைகளைப் பள்ளி நாள்களில் கூடுதலாக 40 நிமிடங்கள் வெளியே விட்டார்கள். மூன்று ஆண்டுகளில் அங்கே கிட்டப்பார்வை வந்தவர்கள் சுமார் 30 சதவிகிதம். மற்ற பள்ளிகளில் சுமார் 40 சதவிகிதம். 2015-ல் இந்த முடிவுகள் வெளியாகின.

எப்படி? நல்ல வெளிச்சம் பட்டால் விழித்திரையில் டோபமைன் சுரக்கிறது. கண் விழி அளவுக்கு மீறி நீளாமல் இருக்க அது உதவுகிறது என்கிறார்கள் ஆய்வாளர்கள். நீண்ட விழி பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. அதனால், வருமுன் காப்பதே நல்லது.

உச்சி வெயிலில் நிற்க வேண்டாம். மரநிழலில்கூட டியூப்லைட்டைவிடப் பல மடங்கு வெளிச்சம் கிடைக்கும். ஏற்கெனவே கண்ணாடி போட்ட பிள்ளை என்றால், அதைக் கழற்றச் சொல்லாதீர்கள். கண் டாக்டரிடம் தவறாமல் காட்டுங்கள்.

இன்று டியூஷனுக்கு முன்னால், ஒரு 40 நிமிடம் விளையாட விடலாமே!