கையச்சு வாழ்த்து மடல்

வாழ்த்துதல் தமிழ் மக்களுக்குப் புதிய வழக்கமன்று. நூல் தொடங்குவார் வாழ்த்துடன் தொடங்குவதும், மணமனையில் முதியோர் அட்சதை தூவி வாழ்த்துவதும் யாவரும் அறிந்தனவே. தொலைவிலுள்ளார்க்கு அவ்வாழ்த்தினைத் தாளில் ஏற்றி விடுத்தல் பின்னர் வந்த பழக்கம். ஒரு தலைமுறைக்கு முன்னர், தைத்திங்கள் பிறக்குமுன் அஞ்சற்காரர் வரவை வீடுதோறும் எதிர்நோக்கியிருந்தனர். இன்றோ கைபேசியில் ஒரே படத்தை நூறு பேருக்கு ஒரு நொடியில் அனுப்புகின்றோம்; பெறுவோரும் அதனை ஒரு நொடியிற் கடந்து செல்கின்றனர். இந்நிலையில், தாமே செதுக்கிய அச்சினால் மடல் செய்து அனுப்பும் வழக்கம் நம் மாணவரிடையே பரவுதல் வேண்டும் என்பதும், அவ்வச்சில் தமிழெழுத்து விளங்குதல் வேண்டும் என்பதும் எம் கருத்து. அதற்குரிய காரணங்களையும் வழிகளையும் சுருங்கக் கூறுவாம்.

அச்சிட்ட கிறிஸ்துமஸ் வாழ்த்து மடலின் பிறப்பே நேரமின்மையால் நிகழ்ந்ததொன்று. 1843-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் காலத்தில் இலண்டன் மாநகரத்து ஹென்றி கோல் என்பார், தமக்கு வந்த கடிதங்களுக்கெல்லாம் தனித்தனியே விடையெழுத இயலாமையால், ஜான் கால்காட் ஹார்ஸ்லி என்னும் ஓவியரைக் கொண்டு ஒரு மடல் வரைவித்து அச்சிட்டார். ஏறத்தாழ 1000 படிகள் அச்சாயின. ஒன்றின் விலை ஒரு ஷில்லிங். எனினும் அம்மடலுக்கு வண்ணம் தீட்டியது மனிதர் கையே. பெறுவார் பெயரையும் விடுப்பார் பெயரையும் எழுதுதற்கு இடமும் விடப்பட்டிருந்தது. நேரம் போதாத அவரும் கையின் பங்கை முற்றும் நீக்கிவிடவில்லை. நாமோ அதனையும் நீக்கிவிட்டோம்.

செதுக்கிய அச்சினால் ஒப்பனை செய்தல் நம் நாட்டுக்கு அயலானதன்று. ஸ்ரீகாளஹஸ்திக் கலம்காரித் துணிகள் எழுதுகோலால் வரையப்படுவன. மசூலிப்பட்டினத்துக் கலம்காரித் துணிகளோ செதுக்கிய மரக்கட்டைகளால் அச்சிடப்படுவன. பின்னவற்றில் வண்ணத்துக்கொரு கட்டையாகப் பல கட்டைகளை ஒன்றன்பின் ஒன்றாக இடந்தவறாது பதித்தல் வேண்டும். அவ்வளவு அருமையான தொழிலை நாம் ஒரு மாலைப்பொழுதிற் கற்றுவிட இயலாது. ஆனால் அதன் சிறு சாயலை விடுதி அறையிலேயே செய்து பார்க்கலாம்.

பொருள் தேடிக் கடைக்குச் செல்ல வேண்டுவதில்லை, சமையற்கட்டே போதும். வெண்டைக்காயைக் குறுக்கே அரிந்து வண்ணத்தில் தோய்த்துப் பதித்தால் ஐந்திதழ்ப் பூவொன்று தோன்றும். வாழை மட்டையை அங்ஙனமே அரிந்தால் சிறுசிறு அறைகளோடு கூடிய பிறை வடிவம் கிடைக்கும். உருளைக்கிழங்கை இருகூறாக்கி வேண்டும் உருவத்தைச் செதுக்கலாம். ஆயின் அதன் நீர் வண்ணத்தைக் கரைத்துவிடுமாதலின், வெட்டிய முகத்தைச் சிறிது நேரம் துணிமேற் கவிழ்த்து வைத்தல் நன்று. வேப்பிலையின் அடிப்புறத்தே நரம்புகள் புடைத்திருத்தலால், அப்புறத்தில் மை தடவித் தாளில் அழுத்துக.

எழுத்து வேண்டுவார் பென்சில் அழிக்கும் ரப்பரைக் கொள்ளலாம். இவ்விடத்து எம் அனுபவமொன்றைக் கூறுதல் பொருந்தும். முதலாண்டு மாணவராயிருந்தபோது, 'வாழ்க' என்னுஞ் சொல்லை ரப்பரில் நேராகவே செதுக்கி, பொங்கலுக்கு ஊரிலிருந்த பாட்டனார்க்கு மடலொன்று பதித்தோம். சொல் இடம்வலமாக மாறி விழுந்தது. வேறு செய்யப் பொழுதின்மையால் அதனையே அனுப்பினோம். ஒரு வாரத்தில் அவரிடமிருந்து அஞ்சலட்டை வந்தது: "முகக் கண்ணாடி முன் பிடித்து வாசித்தேன். நன்றாயிருக்கிறது. அடுத்த ஆண்டு நேராக வரட்டும்." அடுத்த ஆண்டு நேராகவே அனுப்பினோம். அவர் மறைந்த பின்னர் அவருடைய பெட்டியில் இரு மடல்களும் இருந்தன. கைபேசியில் நாம் அனுப்பிய படங்களுள் ஒன்றையேனும் எவரும் அங்ஙனம் வைத்துப் போற்றுவரோ?

அத்தவறு நேராதிருக்க எளிய வழியுண்டு. மெல்லிய தாளிற் சொல்லை அழுத்தமாகப் பென்சிலால் எழுதி, எழுதிய புறம் ரப்பரின்மேற் படியுமாறு கவிழ்த்துத் தேய்த்தால், எழுத்துத் தானே தலைமாறிப் பதியும். அதனைச் சுற்றிச் செதுக்கி எடுத்துவிட்டால் அச்சு தாளில் நேராக விழும். 'ழ', 'ண' முதலியவற்றின் உள்வளைவுகளை முதலிற் குடைந்து, வெளிப்புறத்தைப் பின்னர்ச் சீவுதல் நலம். பதிக்கும்போது தாளின்கீழ்ச் சிறிது துணியை மடித்திட்டு, அச்சை ஆட்டாது நேராக அழுத்துக. ஒருமுறை மை தோய்த்து இருமுறை பதித்தால், முதலது அழுத்தமாகவும் இரண்டாவது வெளிறியும் விழுந்து அண்மையுஞ் சேய்மையுங் காட்டும். முதலிற் பதித்த கரும்பை அதே வடிவில் வெட்டிய தாளால் மறைத்து, அதன்மேல் மற்றொன்றைப் பதித்தால், இரண்டாவது பின்னே நிற்பதுபோலத் தோன்றும்.

கடைகளில் ஆயத்த அச்சுகள் விற்கின்றனவே, அவை போதாவோ எனின், அவற்றிற் பெரும்பாலும் ஆங்கில வாழ்த்தும், பனிமூடிய கூரையும், நாம் காணாத மரங்களுமே உள்ளன. அவை அழகியனவே; நம்முடையன அல்ல. மறைமலை நகரிலிருந்தும் கூடுவாஞ்சேரியிலிருந்தும் மின்சார வண்டியேறித் தாம்பரம் வரும் மாணவர் பலர். அந்நகர் எவர் பெயரைத் தாங்கியுள்ளதோ அம்மறைமலையடிகள், 1898 முதல் 1911 வரை சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியராக விளங்கிப் பின்னர்ப் பல்லாவரத்தில் வாழ்ந்தவர். வேதாசலம் என்னுந் தம் பெயரையே தமிழாக்கிக் கொண்டவர். அவர் பெயரை நாடோறும் பயணச்சீட்டிற் காணும் நாம், ஆண்டுக்கொருமுறை தமிழில் ஒரு சொல்லைச் செதுக்குதல் பெரிதாமோ?

அச்சென்பதும் படியெடுத்தலே, கையால் எழுதுவதன்றோ சிறந்தது என்பாரும் உளர். அவர் கூற்றில் உண்மையுண்டு. எழுதத் தெரிந்தவர் எழுதுக. ஆயின் ஓவியம் வராத கையும் வெண்டைக்காயைப் பதிக்க வல்லது. ஒரே அச்சாயினும் ஒரு மடலைப்போல் மற்றொன்று அமையாது. மை மிகும், குறையும், சிறிது சாயும். அச்சாயம் பெறுவார்க்கு, "இதனை ஒருவர் எனக்காக அமர்ந்து செய்தார்" என்று சொல்லும்.

ஆதலின், மாணவ நண்பர்காள்! நூறு பேருக்கு அனுப்ப வேண்டா. வரும் பொங்கலுக்கோ கிறிஸ்துமஸுக்கோ ஐந்து மடல்கள் செய்க. ஒன்று பெற்றோர்க்கு, ஒன்று பழைய ஆசிரியர்க்கு, ஒன்று பிணங்கிய நண்பர்க்கு. எஞ்சிய இரண்டும் உங்கள் விருப்பம். எழுத்துத் தலைமாறி விழுந்தாலும் அஞ்சாது அனுப்புக. கண்ணாடி முன் பிடித்து வாசிப்பவர் ஒருவர் எங்கேனும் இருப்பர்.