ஜகாத் வரிசையில் நிற்பது யார்?

கடந்த ரமலான், பிறை 27. மதுரையில் ஒரு ஜவுளிக்கடை முதலாளியின் வீட்டு வாசலில் காலை ஏழு மணிக்கே வரிசை வளைந்து தெருமுனை வரை நின்றது. ஆளுக்கு ஒரு சேலை, ஒரு ஐம்பது ரூபாய்த் தாள். நோன்பு வைத்த பெண்கள், இடுப்பில் பிள்ளைகள், ஏறிக்கொண்டே போகும் வெயில். துஆ ஓத என்னை அழைத்திருந்தார்கள்.

வரிசையில் தெரிந்த முகம் ஒன்று. அதே முதலாளியின் கடையில் பதினோரு ஆண்டுகளாகத் துணி மடித்துப் போடும் பையனின் தாய்! (முப்பது வயதைத் தாண்டி, இரண்டு குழந்தைகளுக்குத் தகப்பனான பிறகும் நம் கடைகளில் அவன் 'பையன்'தான்.) மகன் காலை ஒன்பது முதல் இரவு பத்து வரை கடையில் நிற்கிறான். தாய் அந்த முதலாளியின் வாசலில் கையேந்தி நிற்கிறாள். "பாய், அந்தப் பையனுக்கு என்ன சம்பளம் தருகிறீர்கள்?" என்று கேட்டேன். முதலாளி சிரித்தார். "ஹஜரத், அவனவனுக்கு அல்லாஹ் அளந்ததுதானே கிடைக்கும்!"

துஆ ஓதிவிட்டு வந்துவிட்டேன். அன்று வாயடைத்து வந்ததற்காக வெட்கப்பட்டு இன்று எழுதுகிறேன்.

சகோதரர்களே! ரிஸ்க் அல்லாஹ்வின் கையில் இருக்கிறது. அதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் சம்பளச் சீட்டில் தொகை எழுதுவது யாருடைய கை? மேலூர்ப் பக்கத்து விவசாயியைக் கேளுங்கள். 1895இல் பெரியாறு அணையின் தண்ணீர் மலையைக் குடைந்து இந்தப் பக்கம் வந்தது. அன்று முதல் தலைமடைக்காரனுக்கும் கடைமடைக்காரனுக்கும் வழக்குத்தான். கடைமடை வயல் காய்ந்தால் எவனாவது மேகத்தின் மீது குற்றம் சொல்கிறானா? மேலே மடையை யார் அடைத்தான் என்று மண்வெட்டியோடு தேடிப் போகிறான். வயலுக்கு இருக்கும் இந்த அறிவு கல்லாப்பெட்டிக்கு வந்தால் மட்டும் நமக்கு ஏன் மறந்துபோகிறது?

நூறு சஹன் பிரியாணி

நாட்டின் கணக்கைப் பாருங்கள். தாமஸ் பிக்கெட்டி உள்ளிட்ட பொருளாதார அறிஞர்கள் 1922 முதலான இந்திய வருமான வரி விவரங்களை வைத்து ஓர் ஆய்வு செய்து 2024 மார்ச்சில் வெளியிட்டார்கள். கீழக்கரை, காயல்பட்டினம் பக்கம் நிக்காஹ் பந்தியில் உட்கார்ந்தவர்களுக்குச் சஹன் தெரியும். அந்தக் கணக்கிலேயே சொல்கிறேன். நூறு விருந்தாளிகள், நூறு சஹன் பிரியாணி. 2022-23 நிலவரப்படி, முதலில் உட்கார்ந்த ஒரே ஒருவர் 22 சஹனுக்கு மேல் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறார். அடுத்த ஒன்பது பேருக்கு 35. அதற்கடுத்த நாற்பது பேருக்கு 27. கடைசியில் உட்கார்ந்த ஐம்பது பேருக்கும் சேர்த்து மிச்சமிருப்பது 15! அந்த முதல் ஆள் ஒருவர் தின்பது, கடைசி வரிசை ஆள் ஒருவருக்குக் கிடைப்பதைப்போல் 75 மடங்கு.

இது என்றைக்கும் உள்ளதுதானே என்பீர்கள். இல்லை! 1982 வாக்கில் அந்த முதல் ஆளின் பங்கு ஆறு சஹன்தான். வெள்ளைக்காரன் ஆட்சியில்கூட அவன் இவ்வளவு தின்றதில்லை என்கிறது அந்த ஆய்வு. அல்லாஹ்வின் அளவு நாற்பது ஆண்டுகளில் இப்படியா மாறும்? மாறியது மனிதர்கள் போட்ட சட்டமும் திட்டமும்.

2025 ஜூலையில் மத்திய அரசு ஒரு செய்தி வெளியிட்டது. உலக வங்கிக் கணக்குப்படி இந்தியாவின் ஏற்றத்தாழ்வுக் குறியீடு 25.5 தானாம். சமத்துவத்தில் உலகிலேயே நான்காவது இடமாம்! இதில் உள்ள சூட்சுமம் என்ன? அது மக்கள் செலவழிப்பதை அளந்த கணக்கு. சம்பாதிப்பதை அளந்ததல்ல. கோடீஸ்வரன் எத்தனை வேளை சாப்பிடுவான்? எத்தனை சட்டை போடுவான்? தின்று தீர்த்தது போக மீதியெல்லாம் மனையாக, தங்கமாக, பங்குப் பத்திரமாகப் போய்ச் சேருகிறது. அதை விட்டுவிட்டு வயிற்றை மட்டும் அளந்தால் எல்லா வயிறும் ஏறக்குறைய ஒரே அளவாகத்தான் இருக்கும்.

பூப்பறிக்கும் விரல்கள்

பங்கு எங்கே பிரிகிறது? உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் விடிவதற்கு முன்பே மல்லிகைத் தோட்டத்தில் பெண்கள் குனிந்து நிற்கிறார்கள். ஒவ்வொரு மொட்டாகப் பறித்தால்தான் கிலோ சேரும். மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் சாதாரண நாளில் கிலோ சில நூறு ரூபாய்க்கு விற்கிற பூ, பொங்கலுக்கும் முகூர்த்தத்துக்கும் மூவாயிரத்தைத் தாண்டுகிறது. விலை பத்து மடங்கு ஏறிய அன்று பறிகூலி பத்து மடங்கு ஏறியதாக யாராவது கேள்விப்பட்டதுண்டா? பூ விலை சரிந்த நாளில் மட்டும் நஷ்டம் கூலிக்காரி வரை இறங்கி வரும். "இன்றைக்குப் பறிக்க வேண்டாம்" என்று ஒரே வார்த்தை!

அடுத்தது வரி. செத்தவரின் பெருஞ்சொத்து மீது இருந்த வரி 1985இல் ஒழிக்கப்பட்டது. செல்வ வரி 2015 பட்ஜெட்டில் போனது. 2019 செப்டம்பரில் கம்பெனிகளின் வருமான வரி 30 சதவீதத்திலிருந்து 22 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. ஆனால் 2017 ஜூலை முதல் 2025 செப்டம்பர் வரை, எட்டாண்டுகள், நெல்பேட்டையில் சுமை தூக்குபவர் வாங்கிய குளியல் சோப்புக்கு 18 சதவீத வரி! அம்பானி வீட்டுச் சோப்புக்கும் அதே 18 சதவீதம்தான். இதற்குப் பெயர் சமத்துவம்!

வியாபாரிகளே, உங்கள் முணுமுணுப்பு எனக்குக் கேட்கிறது. "நாங்களே கடை வாடகைக்கும் ஜி.எஸ்.டி.க்கும் ஆன்லைன் கம்பெனிகளுக்கும் நடுவே நசுங்குகிறோம், எங்களைப் போய்..." உண்மைதான். 2016 நவம்பர் 8 இரவு சிறுகடைக்காரன் பட்ட பாட்டை நானும் கண்ணால் கண்டேன். நம் சமுதாயத்தில் சொந்தத் தொழில் செய்வோர் அதிகம், வங்கிக் கடன் கிடைப்பதோ குறைவு என்று 2006இல் சச்சார் குழு எழுதிவைத்ததும் உண்மை. ஆனால் மேலே உள்ளவன் உங்கள் தலையில் ஏறினால், நீங்கள் கீழே உள்ளவன் தலையில் ஏறலாம் என்று எந்த ஷரீஅத் சொல்கிறது? கடைகளில் வேலை செய்பவர் உட்கார இருக்கை போட வேண்டும் என்பதற்கே 2021இல் தமிழ்நாடு சட்டமன்றத்தில் தனிச் சட்டத் திருத்தம் தேவைப்பட்டது! உங்கள் கடையில் அந்த ஸ்டூல் இருக்கிறதா? இருந்தால், அதில் அவன் உட்காரும்போது உங்கள் முகம் எப்படி மாறுகிறது?

கலீஃபாக்கள் போட்ட கணக்கு

அபூபக்ர் (ரலி) அவர்கள் பொதுநிதியை எல்லோருக்கும் சமமாகப் பங்கிட்டார்கள். முந்தி இஸ்லாத்தை ஏற்றவருக்கு அதிகம் கொடுக்கக் கூடாதா என்று கேட்கப்பட்டபோது, சிறப்புக்குரிய கூலி அல்லாஹ்விடம், பிழைப்பில் எல்லோரும் சமம் என்ற கருத்தில் உறுதியாக நின்றார்கள். உமர் (ரலி) அவர்கள் அதை மாற்றித் தரவாரியாகக் கொடுத்தார்கள். பிறகு தம் கடைசிக் காலத்தில், உயிரோடிருந்தால் மீண்டும் சமப்படுத்துவேன் என்று எண்ணியதாக வரலாற்று நூல்களில் பதிவாகியிருக்கிறது. அத்தனை பெரிய ஆட்சியாளர் தம் பங்கீட்டைத் தாமே மறுபரிசீலனை செய்தார். நாம் பத்து ஆண்டுக்கு முன் போட்ட சம்பளத்தைத் திருப்பிப் பார்க்க மாட்டோம் என்கிறோம்!

ஜகாத்தைக் கூலிக்குப் பதிலாகக் கணக்குக் காட்ட முடியாது. கூலி அவன் உரிமை. ஜகாத் உங்கள் மீதுள்ள கடமை. ஒன்றைக் குறைத்து மற்றொன்றில் புண்ணியம் தேட நினைப்பவர், ஒரே பணத்தை இரண்டு முறை எண்ணுகிறார்.

அந்தச் சேலைக் கணக்கையும் போட்டுப் பார்ப்போம். 500 சேலை, ஒன்று 300 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை லட்சம். யானைக்கல்லிலும் கீழவாசலிலும் தள்ளுவண்டியில் பழம், வெங்காயம் விற்பவர் பலர் காலையில் கந்துவட்டிக்காரனிடம் 900 ரூபாய் வாங்கி மாலையில் 1000 கட்டுகிறார்கள். ஒரு நாளுக்கு வட்டி 100. வருடத்தில் 300 நாள் வியாபாரம் என்றால் 30,000 ரூபாய், வெறும் 900 ரூபாய் முதலுக்கு! 2003இலேயே அதீத வட்டித் தடைச் சட்டம் வந்தது. வந்தும், 2017 அக்டோபர் 23 அன்று நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் ஒரு தகப்பனும் தாயும் இரண்டு பச்சிளங் குழந்தைகளும் கந்துவட்டிக் கொடுமையால் தீயில் கருகினார்கள். அந்தப் படத்தைப் பார்த்த இரவு எத்தனை பேர் தூங்கினோம்?

அந்த ஒன்றரை லட்சத்தை ஆளுக்கு ஆயிரமாக 150 தள்ளுவண்டிக்காரர் கையில் சொந்தமாகவே கொடுத்துவிட்டால்? மறுநாள் காலை அவர்கள் வட்டிக்காரனிடம் போக வேண்டியதில்லை. நாளொன்றுக்கு 15,000 ரூபாய் வட்டி மிச்சம். பத்தே நாளில் கொடுத்த ஜகாத் அளவு பணம் அந்த வீடுகளிலேயே தங்கிவிடும்! ஜகாத் பெறத் தகுதியுள்ள எட்டுப் பிரிவினரில் கடனாளியும் ஒருவர் என்பது மக்தப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் இதில் வாசலில் வரிசை நிற்காது. போட்டோ கிடைக்காது. அதுதான் நம்மவர்களுக்குச் சிக்கல்!

இளைஞர்களே! இந்த ரமலானுக்கு முன் ஒவ்வொரு மஹல்லாவிலும் இரண்டு பட்டியல் எடுங்கள். நம் பகுதியில் தினவட்டிக்கு வாங்கிப் பிழைப்பவர் யார், எவ்வளவு வாங்குகிறார் என்பது ஒன்று. நம்மவர் கடைகளில் வேலை செய்பவருக்கு என்ன சம்பளம், எத்தனை மணி நேர வேலை, அது அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலிக்கு மேலா கீழா என்பது மற்றொன்று. முதல் பட்டியலை வாங்கிக்கொள்ள ஜமாஅத் தலைவர்கள் தயங்க மாட்டார்கள். இரண்டாவதை நீட்டும்போது சில முகங்கள் சுருங்கும். தலைவரும் கடை வைத்திருப்பவர்தானே! சுருங்கட்டும். பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டுங்கள்.

அந்த ஜவுளிக்கடை முதலாளியிடமிருந்து இந்த ஆண்டும் துஆவுக்கு அழைப்பு வந்திருக்கிறது. பையனின் சம்பளச் சீட்டைக் கொண்டு வந்து காட்டினால் வருகிறேன் என்று சொல்லியனுப்பியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.